சிநேகத்துக்கு விலை 85,000 பவுண்டு

செல்வ நாடுகளின் தனிமை பற்றி நம் எழுத்தாளர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. தனிமை மனித இருப்பின் சாரம், நியூயார்க்கானாலும் குக்கிராமமானாலும் மனிதன் தனியன்தான் என்பது ஒன்று. கவிதை எழுதுகிறவர்களின் கட்சி. மேற்கு பணத்தைத் தேடி ஆத்மாவைத் தொலைத்தது, நாம் வறுமையிலும் உறவைக் காப்பாற்றினோம் என்பது மற்றொன்று. கூட்டங்களில் பேசுகிறவர்களின் கட்சி. எந்த எண்ணையும் பார்க்க வேண்டியதில்லை என்பது இரண்டுக்கும் பொதுவான சௌகரியம். நான் வங்கிக் குமாஸ்தா. எண்களிடம் எனக்குப் பக்தி கிடையாது. பார்க்காமல் இருக்கவும் முடிவதில்லை.

இரண்டாம் கட்சியை முதலில் முடித்துவிடலாம். உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018 முதல் 2025 வரை ஒவ்வொரு ஆண்டும் முதலிடம் பெற்றது ஃபின்லாந்து. பணக்கார நாடு. பட்டியலின் அடியில் கிடப்பவை பெரும்பாலும் ஏழை நாடுகள், யுத்தத்தில் சிதைந்த நாடுகள். பசியை ஆன்மிகமாக்கும் காரியத்தை இனியாவது நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் கட்சிக்குப் பதில் சற்று நீளம். தனிமை இருப்பின் சாரம் என்றால் அதற்குத் தேதி இருக்கக்கூடாது. இருக்கிறது. அமெரிக்காவில் 1980க்கும் 1993க்கும் இடையில் பௌலிங் ஆடுகிறவர்கள் 10 சதவீதம் கூடினார்கள். குழு சேர்ந்து லீகுகளில் ஆடுவது 40 சதவீதம் குறைந்தது. ராபர்ட் புட்னம் 1995ல் எடுத்துக்காட்டிய கணக்கு இது. பதிமூன்று வருஷத்தில் மனித சாரம் மாறிவிடுமா என்ன? மாறியது வாழ்க்கையின் ஏற்பாடு. அதற்கும் முன்பே, 1974ல், ரிச்சர்ட் ஈஸ்டர்லின் இன்னொரு கணக்கைக் காட்டியிருந்தார்: 1946 முதல் 1970 வரை அமெரிக்கர்களின் வருமானம் ஏறியது, சந்தோஷம் கூடவே ஏறவில்லை.

ஏன் என்பதுதான் விஷயம். ஸ்வீடன் பொருளாதாரவாதி ஸ்டஃபான் லிண்டர் 1970லேயே அதைத் தொட்டுவிட்டார். உற்பத்தித் திறன் பெருகப் பெருக ஒரு மணி நேர உழைப்பின் கூலி ஏறுகிறது. பொருள்கள் மலிகின்றன, நேரம் விலையேறுகிறது. சிநேகிதனோடு சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மாலை, சம்பளம் இரட்டிக்கும்போது இரு மடங்கு செலவாகிறது. 1976ல் ஃப்ரெட் ஹிர்ஷ் இதைச் சிநேகபாவத்துக்கே பொருத்திக் காட்டினார். அது நேரத்தை விழுங்குவது. ஆகவே சிக்கனம் பிடிக்கிறவன் முதலில் வெட்டுவது அதைத்தான். ஆனால் சிநேகம் ஒருவனால் ஆகிற காரியமா? நான் வெட்டினால் என் பக்கத்து வீட்டுக்காரன் நீட்டிய கையும் அந்தரத்தில் நிற்கிறது. அடுத்த முறை அவனும் நீட்டமாட்டான். ஒவ்வொருவரும் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டு, ஒருவரும் விரும்பாத இடத்தில் போய்ச் சேர்கிறார்கள். இதில் இருப்பின் மர்மம் எங்கே இருக்கிறது?

இவ்வளவு தூரம் தெளிவாகப் பார்த்த துறை அப்புறம் செய்த காரியம் அபத்தமானது. பிரிட்டனில் நட்டவுத் பவுத்தவீ 2008ல் சிநேகத்துக்கு விலை போட்டார். சிநேகிதரையும் உறவினரையும் அபூர்வமாகப் பார்க்கிறவன் அடிக்கடி பார்க்க ஆரம்பித்தால், வாழ்க்கைத் திருப்தியில் அது வருஷத்துக்கு 85,000 பவுண்டு வரை கூடுதல் வருமானத்துக்குச் சமமாம். பணம் எவ்வளவு பலவீனமானது என்று காட்டுவதே அவர் நோக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சமன்பாட்டை இரண்டு பக்கமிருந்தும் படிக்கலாம் என்பது கவுண்ட்டரில் உட்காருகிறவனுக்குத் தெரியும். 85,000 பவுண்டு கிடைத்தால் சிநேகிதர்களை விட்டுவிடலாம் என்பதும் அதே கணக்குத்தான். நேரத்துக்கு விலை போட்டதால் வந்த வியாதிக்கு, சிநேகத்துக்கும் விலை போடுவது மருந்தா?

பிறகு அரசுகள் வந்தன. 2018ல் பிரிட்டனும் 2021ல் ஜப்பானும் தனிமைக்கு அமைச்சரை நியமித்தன. 2023ல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி தனிமையின் கேட்டைத் தினம் 15 சிகரெட் வரை புகைப்பதோடு ஒப்பிட்டார். அமைச்சரை நியமிப்பது சுலபம். சாயங்காலத்தை மனிதனுக்குத் திருப்பிக் கொடுப்பதற்குத்தான் காசு செலவாகும்.

அமைச்சர்களை விடுங்கள். நம் கவிஞர்களிடம் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. சாவு, சூன்யம், மூடிய கதவு எல்லாம் உங்கள் தனிமைக் கவிதைகளில் இருக்கின்றன. ஆபீஸ் எத்தனை மணிக்கு விடுகிறது என்பது மட்டும் இல்லை. அது இல்லாத தனிமையை நான் நம்புவதாக இல்லை.