துப்பாக்கி சரி, தோட்டா?

இந்த வாரம் வீட்டுக்கடன், எஃப்.டி. வட்டி, என்.ஆர்.ஓ. கணக்கு எதுவும் கிடையாது. வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் மடியில் இருக்கிறதே ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி, அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். தினமும் அதைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போகிறேன், நீங்கள் பாஸ்புக் போடப் போகிறீர்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

இந்த யோசனையைக் கிளப்பிவிட்டது ஒரு வான்கோழி. அமெரிக்காவில் ஜார்ஜியாவில் இருக்கும் என் மச்சினன் போன மாதம் போனில் அவன் பக்கத்து வீட்டுக்காரர் கதையைச் சொன்னான். மனிதர் ஒவ்வொரு வசந்த காலத்திலும் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போவாராம். சேவலைத்தான் சுட வேண்டும். உடம்பில் சுட்டால் இறக்கையும் எலும்பும் ரவையைத் தாங்கிவிடும், பறவை அடிபட்டு ஓடிப்போய் எங்கேயோ கிடந்து சாகும். அதனால் தலையையும் கழுத்தையும்தான் குறி வைப்பார்கள். அத்தனை சின்னக் குறிக்கு ரவைகள் சிதறாமல் கொத்தாகப் போக வேண்டும். அதற்காகக் குழலின் வாயை இறுக்கும் 'சோக்' என்ற திருகுக் குழாயை மாட்டுகிறார்கள்.

சோக் என்றால் பெரிய விஷயமில்லை. தோட்டக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் ஓடும் விதம் மாறுகிறதல்லவா, அந்த மாதிரி. முழு இறுக்கம் என்பதே சுமார் 1 மில்லிமீட்டர்தான். ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டர் செய்யும் வேலையைப் பாருங்கள். 40 கஜ தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள், இறுக்கமே இல்லாத குழலில் சுமார் 40 சதவீத ரவைகள் விழும். முழு சோக்கில் சுமார் 70 சதவீதம் விழும்.

மச்சினனின் பக்கத்து வீட்டுக்காரர் சீசனுக்கு முன்னால் 40 கஜத்தில் பெரிய காகிதத்தை மாட்டிச் சுட்டுப் பார்க்கிறார். நடுவில் 10 அங்குல வட்டம் போட்டு ஓட்டைகளை எண்ணுகிறார். நூறு விழுந்தால் பாஸ்! தோட்டாவை மாற்றி ஒரு முறை, சோக்கை மாற்றி ஒரு முறை. ஒரே சோக்கில் ஒரு கம்பெனித் தோட்டா அழகாகக் கொத்தும், இன்னொன்று தாறுமாறாகப் போகும். சுட்டுப் பார்க்காமல் சொல்லவே முடியாதாம். இப்போது டங்ஸ்டன் ரவை வேறு வந்துவிட்டது. ஈயத்தின் அடர்த்தி 11 சொச்சம், இதற்குச் சுமார் 18. அதனால் 9-ஆம் நம்பர் பொடி ரவையே தூரத்தில் வேலை செய்கிறது. ஒரு தோட்டாவே பத்து டாலரைத் தொடும். "ஒரு கோழிக்கா இத்தனை?" என்று தங்கமணி கேட்டார். நியாயமான கேள்வி!

எனக்கு வந்த கேள்வி வேறு. ஒரு கோழிக்கே இத்தனை அக்கறை என்றால், நூறு பேர் நிற்கும் வங்கி ஹாலில் இருக்கும் துப்பாக்கிக்கு எவ்வளவு அக்கறை வேண்டும்?

நம் வங்கிகளில் இருப்பது பெரும்பாலும் 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால் ஒரு உருண்டை எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ அது 12 போர், அதாவது சுமார் 18.5 மி.மீ. வான்கோழி வேட்டைக்காரர் கையில் இருப்பதும் அதே 12 போர்தான். வித்தியாசம் தோட்டாவில். நம்மூர்க் கணக்கில் 6-ஆம் நம்பர் தோட்டாவில் அவுன்ஸுக்கு சுமார் 270 ரவை. பி.பி. என்றால் 70. எஸ்.ஜி. என்றால் எட்டே எட்டு, ஒவ்வொன்றும் 8 மி.மீ.க்கு மேல். எல்.ஜி. என்றால் ஆறு. பொடி ரவை சுமார் 200 மீட்டரில் விழுந்துவிடும். எஸ்.ஜி. குண்டு பல நூறு மீட்டர் போகும். வாசலில் நின்று தெருப்பக்கம் சுட்டால் எதிர்க்கடை மட்டுமல்ல, அதற்கு அடுத்த தெருவும் கணக்கில் வரும்.

சரி, இங்கே லக்னோவில் கதை என்ன? உத்தரப் பிரதேசத்தில் ஒருவரிடம் லைசென்ஸோடு 'துனாலி' இருந்தால் அதுவே ஒரு வேலைவாய்ப்பு. ஏஜென்சி மூலமாக வரும் காவலாளிகளில் பலர் சொந்தத் துப்பாக்கியோடு வருகிறார்கள். அப்பாவுடையது, சில சமயம் தாத்தாவுடையது. அவர் அதை வாங்கியது வயலில் காட்டுப்பன்றியை விரட்டவோ, 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன் காட்டுக்கோழி சுடவோ. இப்படிப்பட்ட பழைய இரட்டைக்குழல்களில் பொதுவாக ஒரு குழல் கொஞ்சம் தளர்வு, மற்றது முழு இறுக்கம். ஆக, வங்கி ஹாலுக்கு எந்த சோக் என்று முடிவு செய்தது வங்கியல்ல. எந்த ஊரிலோ, எப்போதோ, பறவையைப் பார்த்து ஒரு தாத்தா முடிவு செய்திருக்கிறார்!

எங்கள் கிளைக்கு முன்பு வந்த ஒரு ஃபௌஜி அங்கிளிடம் (முன்னாள் ராணுவத்தினர், எனக்கே அங்கிள்) கேட்டேன். "எந்த நம்பர் தோட்டா, அங்கிள்ஜி?" "கடையில் எது இருந்ததோ அது, மேனேஜர் சாப்" என்றார். கடைசியாகச் சுட்டது எப்போது என்று கேட்டதற்குச் சிரித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். லைசென்ஸில் ஒரு நேரத்தில் எத்தனை, ஆண்டுக்கு எத்தனை என்று தோட்டாவுக்கு ரேஷன் உண்டு. விலையும் அவர் சம்பளத்துக்குக் கனமானது. பழகிப் பார்க்க யார் காசு கொடுப்பார்கள்?

ஹாலுக்குள் தூரம் 10 கஜம்தான். அந்தத் தூரத்தில் எந்த ரவையும் உயிரை எடுக்கும், பொடி ரவை பாதுகாப்பு என்று யாரும் நம்ப வேண்டாம். முழு சோக்கில் 10 கஜத்தில் பரவல் சுமார் 9 அங்குலம். இறுக்கமில்லாத குழலில் சுமார் 20 அங்குலம். 20 அங்குலம் என்பது ஒரு ஆளின் தோள் அகலத்தைவிட அதிகம். குறி சரியாக இருந்தாலும் பக்கத்தில் டோக்கனோடு நிற்கும் பாட்டிக்கும் பங்கு போகும். எந்த விசையை அழுத்தினால் எந்தக் குழல் வெடிக்கும், அது எவ்வளவு பரவும் என்பது அந்தக் காவலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இன்னொரு ஆபத்து தோட்டாவின் நீளம். பழைய துப்பாக்கிகளின் அறை 65 மி.மீ., புதியவற்றில் 70 மி.மீ. தோட்டா மேல் எழுதியிருக்கும் நீளம் வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். அதனால் வெடிக்காத 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. அறையில் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். வெடிக்கும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். முதல் ஆபத்து துப்பாக்கியைப் பிடித்திருப்பவருக்குத்தான்.

இதெல்லாம் வெறும் கற்பனை பயம் இல்லை. 2021 ஜூனில் இதே மாநிலத்தில் பரேலியில் ஒரு வங்கிக் கிளையில் முகக்கவசத்துக்காக வாக்குவாதம் வந்து, காவலாளியின் துப்பாக்கி வெடித்து வாடிக்கையாளர் காலில் காயம்பட்டார். கொள்ளைக்காரன் வரவே இல்லை.

என் கருத்து இதுதான். ஒன்று, காவலாளி கொண்டுவரும் துப்பாக்கியின் அறை நீளம், இரு குழல்களின் சோக், தோட்டாவின் நம்பர் மூன்றையும் வங்கியின் பாதுகாப்பு அதிகாரி பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். இப்போது எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம். இரண்டு, வருடம் ஒரு முறை வங்கிச் செலவில் சுடுதளத்துக்குக் கூட்டிப்போய், 10 கஜத்திலும் 20 கஜத்திலும் அட்டையில் சுட வைக்க வேண்டும். அந்த அட்டையைக் கிளை மேலாளரும் பார்க்க வேண்டும். மூன்று, ஈரம் பட்ட, பருத்த, பழைய தோட்டாக்களை மாற்றிக் கொடுக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்யப் பணமில்லை என்றால் அந்தக் கிளைக்குத் துப்பாக்கியே வேண்டாம். நல்ல கேமராவும், அலாரமும், நேரம் வைத்துத் திறக்கும் பெட்டகமும் போதும். "துப்பாக்கியைப் பார்த்தாலே திருடன் பயப்படுவான்" என்பார்கள். பார்ப்பதற்கு மட்டும்தான் என்றால் உள்ளே தோட்டா எதற்கு?

வடக்கே குடும்பத்தோடு இருக்கும் நம் மக்களுக்கு இரண்டு வார்த்தை. வங்கிக்குக் குழந்தையைக் கூட்டிப்போனால் குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். உங்கள் பக்கம் என்றால் "அங்கிள்ஜி, கொஞ்சம் மேலே பார்த்து வையுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கல்யாண ஊர்வலத்தில் துப்பாக்கியைத் தூக்கினார்கள் என்றால் பிள்ளைகளோடு உள்ளே போய்விடுங்கள். 2019 திருத்தச் சட்டப்படி ஆபத்தான கொண்டாட்டச் சூட்டுக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் சட்டம் வருவது சுட்ட பிறகுதானே?

டிஸ்கி: இது முழுக்க என் சொந்தக் கருத்து. என் வங்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேறு ஊர்க் கிளைகளில் காவலாளிகளுக்குச் சுடும் பயிற்சி உண்மையிலேயே நடக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அடுத்த மீட்டிங்கில் எனக்கு உதவும்.