செல்லும் சடங்கும் செல்லாத சடங்கும்

கத்தோலிக்க மதத்தில் ஏழு பெரிய சடங்குகள் உண்டு. ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், நற்கருணை, பச்சாத்தாபம், அவஸ்தைப்பூசுதல், குருத்துவம், மெய்விவாகம் என்னும் இவ்வேழுக்கும் தேவதிரவிய அனுமானங்கள் என்பது பழைய பெயர். அருட்சாதனங்கள் என்பது இப்போதைய பெயர். பெயர் எதுவாயினும் கருத்து ஒன்றுதான். அதாவது, கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளத்தின் மூலமாகக் கண்ணுக்குத் தெரியாத தேவ அருள் மனிதனுக்குக் கிடைக்கின்றது என்பதாகும். தண்ணீர் ஊற்றினால் ஜென்மபாவம் கழுவப்படுகின்றதாம். அப்பத்தைப் புசித்தால் எல்லோரும் ஒரே சரீரமாகின்றார்களாம். இவை ஏழே என்றும், கூட்டியோ குறைத்தோ சொல்லுகிறவன் சபிக்கப்பட்டவன் என்றும் 1547ஆம் வருஷத்தில் திரெந்து நகரில் கூடிய சங்கம் தீர்மானித்தும் விட்டது.

தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் இத்தகைய சக்தி ஏது என்று நாம் கேட்டால், "நம்பிக்கையில்லாதவனுக்கு இதெல்லாம் விளங்காது" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவார்கள். ஆதலால் இன்று அந்தக் கேள்வியை நாம் கேட்கப் போவதில்லை. அவர்கள் சொல்லுகிறபடியே எல்லாம் உண்மை என்று வைத்துக்கொண்டு, எந்தச் சடங்கு செல்லும், எந்தச் சடங்கு செல்லாது என்பதற்கு அவர்களே சொல்லும் தீர்ப்புகளை மாத்திரம் கவனிப்போம்.

அமெரிக்காவில் பீனிக்ஸ் என்னும் நகரத்தில் ஒரு பாதிரியார் பல வருஷங்களாகக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து வந்தார். கொடுக்கும்போது "நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கின்றேன்" என்று சொல்லவேண்டிய இடத்தில் "நாங்கள் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கின்றோம்" என்று சொல்லி வந்தார். இப்படிச் சொன்ன ஞானஸ்நானம் செல்லாது என்று வத்திக்கான் 2020 ஆகஸ்டு மாதத்தில் தீர்ப்பளித்திருந்தது. ஆகவே அந்தப் பாதிரியார் 2021 ஜூன் வரையில் கொடுத்த ஆயிரக்கணக்கான ஞானஸ்நானங்கள் அத்தனையும் செல்லாதவை என்று அந்த மேற்றிராசனம் 2022 ஜனவரியில் விளம்பரம் செய்தது. ஞானஸ்நானம் செல்லாவிட்டால் அதன்மேல் கட்டிய உறுதிப்பூசுதலும் செல்லாது. கலியாணத்தையும் திரும்ப விசாரிக்க வேண்டும். பாதிரியார் வேலையை விட்டு விலகினார்.

டெட்ராய்ட் நகரத்துச் சங்கதி இதைவிட வேடிக்கையானது. 2017இல் குருப்பட்டம் பெற்ற ஒருவர், தமக்குக் குழந்தைப் பருவத்தில் நடந்த ஞானஸ்நானத்தைப் பிடித்து வைத்திருந்த வீடியோப் படத்தைப் பார்த்தார். அதில் சடங்கு நடத்தியவர் "நாங்கள்" என்று சொன்னது காதில் விழுந்தது. அவ்வளவுதான்! அவர் கிறிஸ்தவரே அல்ல என்றாகிவிட்டது. கிறிஸ்தவரல்லாதவர் குருவாவது எப்படி? குருவல்லாதவர் செய்த பூசையும், கேட்ட பாவசங்கீர்த்தனமும் செல்லுவது எப்படி? 2020 ஆகஸ்டில் அவருக்கு மறுபடியும் ஞானஸ்நானம் முதல் குருப்பட்டம் வரை எல்லாம் கொடுக்க வேண்டியதாயிற்று.

இதைக் கேட்டு நாம் வெறுமனே சிரித்துவிட்டுப் போவது நியாயமல்ல. அவர்கள் தரப்பிலும் ஒரு காரணம் சொல்லுகின்றார்கள். சடங்கு செய்கின்றவர் கிறிஸ்துவே. பாதிரியார் வெறும் வாயும் கையுந்தான். ஆகையால் பாதிரியார் அயோக்கியனாயிருந்தாலும் சடங்கு கெடாது. ஆனால் உரிய பொருளும், உரிய வார்த்தையும், சபை செய்வதைச் செய்யவேண்டும் என்கின்ற எண்ணமும் ஆகிய மூன்றும் சரியாயிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் சடங்கே நடக்கவில்லை என்று அர்த்தம். கெட்ட பாதிரியிடம் அகப்பட்ட பாமரன் மோட்சத்தை இழக்கக்கூடாதே என்பதற்காக இப்படி வைத்தார்கள். இது ஒருவாறு இரக்கமுள்ள ஏற்பாடு என்பதை நாம் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

நிற்க, ஒரு சொல் மாறியதற்கு இவ்வளவு கண்டிப்புக் காட்டும் சபையார், நம் தமிழ்நாட்டில் நடந்தவற்றுக்கு என்ன தீர்ப்புச் சொன்னார்கள் என்பதையும் சற்றுப் பார்ப்போம்.

1606ஆம் வருஷத்தில் ராபர்ட் டி நொபிலி என்னும் இத்தாலியப் பாதிரியார் மதுரைக்கு வந்தார். உயர்ந்த ஜாதியார் என்பவர்களைக் கிறிஸ்தவர்களாக்குவதற்காகக் காவி கட்டி, பரங்கியரை விட்டு விலகி, சந்நியாசியைப் போல வாழ்ந்தார். கிறிஸ்தவனான பார்ப்பான் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாமா என்று பெரிய வழக்கு நடந்தது. அவை மத அடையாளங்களல்ல, வெறும் சமூக வழக்கங்களே என்று அவர் வாதித்தார். 1623இல் போப்பும் சில நிபந்தனைகளுடன் அனுமதி கொடுத்துவிட்டார். வாசகர்கள் இங்கே கவனிக்க வேண்டும். தண்ணீருக்கு அர்த்தம் உண்டாம். எண்ணெய்க்கு அர்த்தம் உண்டாம். "நான்" என்னும் சொல்லுக்கு மோட்சத்தையே திறக்கும் அர்த்தம் உண்டாம். ஆனால் மனிதனை மனிதனிடமிருந்து பிரிப்பதற்கென்றே தோளில் கிடக்கும் நூலுக்கு மாத்திரம் மத அர்த்தம் கிடையாதாம்! அடையாளங்களின் மதம் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு மதத்திற்கு இந்த ஓர் அடையாளம் மாத்திரம் கண்ணுக்குத் தெரியாமல் போனது எப்படி என்று கேட்கின்றோம்.

அது மாத்திரமல்ல. அந்நாளைய முறைப்படி ஞானஸ்நானம் கொடுக்கும்போது பாதிரியார் தம் எச்சிலைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் தடவவேண்டும். இது நம் உயர்ந்த ஜாதியாருக்கு அருவருப்பாயிருந்தது. பாதிரிமார்களும் எச்சிலை விட்டுவிட்டார்கள். எச்சிலை விட்டதற்காக நாம் வருத்தப்படவில்லை. 1969இல் வந்த புதிய முறையில் ரோமாபுரியே அதை விட்டுவிட்டது. ஆனால் அதே காலத்தில், தீண்டப்படாதார் என்று தள்ளப்பட்ட கிறிஸ்தவர்கள் சாகக்கிடந்தால் அவர்கள் குடிசைக்குள் நுழையாமல், நோயாளியை வெளியே தூக்கிக்கொண்டு வரச்செய்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்த பாதிரிமார்களும் இருந்தார்கள். 1703இல் புதுச்சேரிக்கு வந்த போப்பின் பிரதிநிதி தூர்னோன் என்பவர், 1704இல், எச்சிலை விடக்கூடாது என்றும், சாகின்றவன் வீட்டுக்குள் போகவேண்டும் என்றும் ஒரே உத்தரவில் கட்டளையிட்டார். நாற்பது வருஷம் தகராறு நடந்தது. முடிவில் 1744இல் போப் 14ஆம் பெனடிக்ட் காலத்தில் கண்டுபிடித்த சமாதானம் என்ன தெரியுமா? ஆதிதிராவிடர்களுக்கென்று தனியாகச் சில பாதிரிமார்களை வைத்துவிடுவது என்பதுதான்! குடிசைக்குள் போகின்ற பாதிரியார் வேறு, மாளிகைக்குள் போகின்ற பாதிரியார் வேறு. இருவரும் கொடுப்பது மாத்திரம் ஒரே அப்பம், ஒரே கிறிஸ்து!

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோவிலை எடுத்துக்கொள்ளுவோம். 1872இல் அதைக் கால்சட்டையின் இரு கால்களைப்போல இரு பிரிவாகக் கட்டினார்கள். ஒரு காலில் வேளாளர் முதலியோர். மற்றொரு காலில் நாடார் முதலியோர். இரண்டும் சேரும் இடத்தில் பீடம். பீடத்திலிருக்கும் பாதிரியாருக்கு இருபக்கமும் தெரியும். இருபக்கத்தாருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. 1910இல் ஒரு பாதிரியாரே துணிந்து அந்தச் சுவரை இடித்தார். அவரை நாம் பாராட்டுகின்றோம். சுவர் போயிற்றே என்று உயர்ந்த ஜாதிக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். ஆனால் சுவர் நின்ற அத்தனை வருஷங்களிலும் அங்கே நடந்த ஒரு பூசையாவது, ஒரு ஞானஸ்நானமாவது செல்லாது என்று எந்த மேற்றிராணியாராவது விளம்பரம் செய்தாரா? செய்யவில்லை. பொருள் சரி, வார்த்தை சரி. ஆகவே சடங்கும் சரி!

செத்தபிறகாவது சமத்துவம் உண்டா? திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் பிணங்களுக்குள்ளும் ஜாதிச்சுவர் எழுப்பியிருந்ததையும், அதை எதிர்த்து 2010இல் கிளர்ச்சி நடந்ததையும் நாடறியும். ஜாதி வேற்றுமை சபைக்குள் இருக்கின்றது என்று இந்தியக் கத்தோலிக்க மேற்றிராணிமார்களே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டது யோக்கியமான காரியம். ஆனால் ஆதிதிராவிடன் நிலைமையைப் பாருங்கள். கிறிஸ்தவனானபின் உனக்கு ஜாதியில்லை என்று 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவு அவனைச் சலுகைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டது. உனக்கு ஜாதி உண்டு என்று கோவிலும் கல்லறையும் அவனைத் தனியே நிறுத்தின. ஞானஸ்நானத் தண்ணீர் சர்க்கார் பட்டியலிலிருந்து அவன் பெயரைக் கழுவிற்றேயொழிய, பக்கத்து வீட்டான் மனதிலிருந்து ஜாதியைக் கழுவவில்லை.

இதைப் படித்துவிட்டு நம் வைதீக இந்துக்கள் யாரும் சந்தோஷப்பட வேண்டியதில்லை. கிறிஸ்தவன் சுவருக்கு அந்தப்பக்கமாவது உள்ளே விட்டான். மதுரை மீனாட்சி கோவிலோ 1939 வரையில் வாசற்படியையே மிதிக்க விடவில்லை. கிறிஸ்தவக் கோவிலுக்குள் நுழைந்த ஜாதி எந்த வீட்டிலிருந்து போயிற்று என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

கடைசியாக, நம் வார்த்தையை நம்பவேண்டாம். அவர்களுடைய வேதத்தையே பார்க்கட்டும். கொரிந்து பட்டணத்துச் சபையார் கர்த்தருடைய விருந்துக்கென்று கூடி, இருக்கிறவன் வயிறாரத் தின்ன, இல்லாதவன் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தான். அதைக் கேட்ட பவுல், நீங்கள் தின்பது கர்த்தருடைய விருந்தே அல்ல என்ற கருத்துப்பட அவர்களுக்குக் கண்டித்து எழுதினார். அதாவது செல்லாது என்றார்! அங்கே எந்தச் சொல்லும் பிசகவில்லை. பக்கத்திலிருந்த மனிதன் அவமதிக்கப்பட்டான். அது ஒன்றே போதுமானதாயிருந்தது.

தமிழில் "நாங்கள்" என்றால் எதிரிலிருப்பவனைத் தள்ளிச் சொல்லுவது; "நாம்" என்றால் அவனையும் சேர்த்துச் சொல்லுவது. பீனிக்ஸில் "நாங்கள்" என்றது குற்றமாயிற்று. நம் நாட்டிலோ முந்நூறு வருஷத்துக்கு மேலாக "நாங்கள் வேறு, நீங்கள் வேறு" என்று சுவராகவும் கல்லறையாகவும் கட்டிக் காட்டினார்கள், அது குற்றமாகவில்லை. ஆகவே கத்தோலிக்கத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான்: உங்கள் சடங்கில் அருள் இருக்கின்றதா இல்லையா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும்போது, பாதிரியார் வாயிலிருந்து என்ன சொல் வருகின்றது என்று கவனிப்பதோடு, உங்கள் பக்கத்தில் யார் முழந்தாளிட அனுமதிக்கப்பட்டிருக்கின்றான், யார் அனுமதிக்கப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். அதைக்கொண்டு அந்தச் சடங்கு செல்லுமா செல்லாதா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். அதற்கு ரோமாபுரியைக் கேட்கவேண்டிய அவசியமில்லை.