பல்லைக் கடிக்காதீங்க, பல்லைக் குறைங்க

கோபர்கைரனேக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. மஹாபேயில் பொட்டி தட்டுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு பாம் பீச் ரோட்டில் வாசியிலிருந்து பேலாப்பூர் வரை போய் வருகிற கூட்டத்தில் அடியேனும் ஒருவன். தங்கமணி பாஷையில் சொன்னால், "காசு கொடுத்து வேர்க்கிற கோஷ்டி".

இந்தக் கோஷ்டி மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. என் மேலும்தான். அதைக் கொட்டத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன்.

போன வருடம் மழை முடிந்த கையோடு கோபோலி வழியாக கண்டாலா ஏறுவது என்று முடிவானது. பழைய மும்பை - புனே ரோடு. எக்ஸ்பிரஸ்வேயில்தான் நம்மைச் சேர்க்க மாட்டார்களே! எங்களோடு நெருல் அண்ணாச்சி ஒருவரும் வந்தார். திருநெல்வேலிப் பக்கம், பேங்க் உத்தியோகம், வயது 51, ஐந்தாறு வருடமாக சர்க்கரை. டாக்டர் சொன்னார் என்று சைக்கிளுக்கு வந்தவர். கூட்டத்துப் பெரிய தலைகள் சொன்னதைக் கேட்டு, பந்தயம் ஓட்டிய ஒரு பையனிடமிருந்து செகண்ட் ஹேண்டில் ரோடு பைக் வாங்கியிருந்தார். (பைக் என்றதும் மோட்டார் என்று நினைக்காதீர்கள். வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர் வைத்த சைக்கிள்.)

சிங்ரோபா கோயில் தெரியுமா? காட் ரோட்டில் லாரிக்காரர்கள் காசு போட்டுவிட்டுப் போகிற கோயில். அதற்குப் பக்கத்தில் ஏற்றம் செங்குத்தாக நிற்கும். அண்ணாச்சி அங்கே இறங்கி சைக்கிளைத் தள்ள ஆரம்பித்தார். மேலே நின்றிருந்த ஒருவர், "டோலி கூப்பிடட்டுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதோடு சரி. அண்ணாச்சி அப்புறம் வரவில்லை. சைக்கிள் பால்கனியில் துண்டு காயப்போடப் பயன்படுகிறது என்று அவர் வீட்டம்மா தங்கமணியிடம் சொல்லியிருக்கிறார். இருந்த நடைப்பயிற்சியும் போச்சாம். சர்க்கரை மறுபடி ஏறுகிறதாம்.

மனிதருக்குக் காலில் பலமில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். தப்பு காலில் இல்லை. சக்கரத்தின் பல்லில் இருந்தது.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம், பயப்பட வேண்டாம். பெடல் பக்கம் இருக்கிற பல்சக்கரத்தை நம்ம ஊர் சைக்கிள் கடையில் செயின் வீல் என்பார்கள். ரோடு பைக்கில் அது இரண்டு இருக்கும், செயின்ரிங் என்று பெயர். அண்ணாச்சியின் சைக்கிளில் 53 பல் ஒன்று, 39 பல் ஒன்று. பின்சக்கரத்தில் இருக்கும் அடுக்குக்குப் பெயர் கேசட். அதில் சின்னது 12 பல், பெரியது 25. ஏற்றத்துக்கு அவருக்குக் கிடைக்கிற மிகச் சுலபமான கியர், முன்னால் 39, பின்னால் 25. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 1.56 சுற்று சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். ஆக ஒரு மிதிக்கு வண்டி 3.28 மீட்டர் போகணும்.

நிமிடத்துக்கு 60 சுற்று என்பது சாவகாசமான மிதி. அந்தக் கணக்கில் இந்த கியரில் வேகம் மணிக்கு 11.8 கிலோமீட்டர். ஆளும் சைக்கிளும் சேர்த்து 85 கிலோ, ஏற்றம் 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இந்த வேகத்துக்குச் சுமார் 240 வாட் சக்தி வேண்டும். பயிற்சி எடுத்த பையன் கொடுப்பான். பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து கடன் பைல் பார்க்கிற 51 வயது மனிதர் அரை மணி நேரம் விடாமல் கொடுப்பாரா?

இப்போது முன்னால் 34, பின்னால் 32 என்று மாற்றுங்கள். ஒரு மிதிக்கு 2.23 மீட்டர். அதே 60 சுற்றில் வேகம் 8 கிலோமீட்டர், தேவை சுமார் 160 வாட். மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. மலை அதேதான், ஆளும் அதே ஆள்தான்.

"39-லேயே மெதுவா 8 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டியதுதானே" என்று ஒரு புத்திசாலி கேட்டார். போகலாம். அப்போது மிதி நிமிடத்துக்கு 40 சுற்றாக இறங்கும். ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் ஒன்றரை மடங்கு அழுத்தணும். அதை நான் ஒரு வருடம் செய்தேன். பலன், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்று மாடி ஏற ஒவ்வொரு படியிலும் கைப்பிடியைத் தேடினேன். 46 வயதில்!

இனி இந்தப் பெரிய தலைகள் சொல்கிற நியாயங்களுக்கு வருவோம்.

ஒன்று: "சின்ன செயின்ரிங் போட்டால் சமவெளியில் வேகம் போயிடும்."

சுத்தப் பொய். 53-க்கு 12 போட்டு நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 50 கிலோமீட்டர். 50-க்கு 11 போட்டு அதே 90 மிதித்தால் 51 கிலோமீட்டருக்கும் மேல். சின்ன செயின்ரிங்தான் ஒரு படி வேகம்! அது கிடக்கட்டும், பாம் பீச் ரோட்டில் தனியாக 50-ல் போகிற ஆளை எனக்குக் காட்டுங்கள், காலில் விழுகிறேன்.

இரண்டு: "பெரிய கியரில் ஏறினால்தான் கால் பலமாகும்."

இருபத்தைந்து வயதில், வாரத்துக்கு ஐந்து நாள் ஓட்டி, கோச் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால், இருக்கலாம். வாரத்துக்கு ஒரு நாள் ஓட்டுகிறவனுக்கு முழங்கால்தான் பலவீனமாகும். கால் பலமாக முதலில் அந்த ஆள் அடுத்த ஞாயிறும் வரணும். வந்தால்தானே?

மூன்று, இதுதான் நிஜக் காரணம்: "அதெல்லாம் பாட்டி கியர். மானம் போகும்."

இந்த மானத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. டூர் டி பிரான்ஸை 1903-ல் தொடங்கிய ஹென்றி தெக்ராஞ்ஜ், அதற்கு முந்தைய வருடமே எழுதினார், கியர் மாற்றுவதெல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்கு என்று. டூரில் ஓடிய தொழில்முறை வீரர்களுக்கு டீரெய்லர் கியர் 1937 வரைக்கும் அனுமதி இல்லை. மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். 1937-ல் அனுமதித்தார்கள், கியர் மாற்றிக்கொண்டே ரோஜர் லாபெபி ஜெயித்தார். அப்புறம் யாரும் பழையபடி திருப்பிப் போடவில்லை. இன்றைக்குப் பந்தய வீரர்களுக்காக ஷிமானோ செய்கிற டுரா-ஏஸ் வரிசையிலேயே 50/34 செயின்ரிங்கும் 11-34 கேசட்டும் இருக்கின்றன. உலகத்தின் முதல்தரக் கால்களுக்கு இல்லாத வெட்கம் வாசி செக்டார்காரருக்கு எதற்கு?

அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம ஊருக்குப் போகிற ரயிலையே பாருங்கள். மும்பையிலிருந்து சென்னைக்கோ நாகர்கோவிலுக்கோ போகிற ரயில் கர்ஜத்தில் நிற்கும்போது வடாபாவ் வாங்க இறங்குவோம் இல்லையா? அந்த நேரத்தில் பின்னால் என்ன நடக்கும்? தள்ளுவதற்கு இன்ஜின் மாட்டுவார்கள். போர் காட்டில் ரயில் பாதை 37-க்கு 1 என்று ஏறுகிறது, மூன்று சதவீதம்கூட இல்லை. அதற்கே பின்னாலிருந்து தள்ளித்தான் லோனாவ்லா வரை கொண்டுபோய் விடுகிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிற ரயிலுக்குத் தண்டவாளத்தின் நடுவிலேயே பல் வைத்திருக்கிறார்கள். எந்த ரயிலும் வெட்கப்பட்டு லோனாவ்லா போகாமல் நின்றதாகத் தெரியவில்லை.

நம்மில் பலருக்கு இந்த வியாதி சைக்கிளில் மட்டும் இல்லை என்று தோன்றுகிறது. ஊரை விட்டு வந்தவனுக்கு, "கஷ்டப்பட்டேன்" என்று சொல்வதில் ஒரு பெருமை. "சுலபமா ஆக்கிக்கிட்டேன்" என்று சொல்லக் கூச்சம். தாராவியிலிருந்து இட்லிப் பாத்திரத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்புகிற நம்ம ஆட்களைப் பாருங்கள். மேம்பாலம் வந்தால் இறங்கித் தள்ளுவார்கள். முகத்தில் ஒரு கூச்சமும் இருக்காது. இட்லி சூடு ஆறுவதற்குள் போய்ச் சேரணும், அவ்வளவுதான் அவர்களுக்கு. பிழைப்புக்கு மிதிக்கிறவனுக்கு இருக்கிற தெளிவு, பொழுதுபோக்குக்கு மிதிக்கிற நமக்கு இல்லை.

சரி, மாற்றுவது எப்படி? கடைக்குப் போகும் முன் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். இல்லையென்றால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள்.

முதலில் கேசட். 12-25 இருந்தால் 11-32 போடுவதுதான் குறைந்த செலவில் நிறைய பலன். ஆனால் பின் டீரெய்லரின் கூண்டு தாங்குமா என்று பாருங்கள். முன்னால் பெரியதற்கும் சின்னதற்கும் உள்ள வித்தியாசம், பின்னால் உள்ள வித்தியாசம், இரண்டையும் கூட்டணும். 50/34-க்கும் 11-32-க்கும் 16-ம் 21-ம் சேர்த்து 37. குட்டைக் கூண்டு இதைத் தாங்காது, நீளக் கூண்டு வேண்டும்.

அடுத்து செயின்ரிங். கிராங்க்கில் ஐந்து கை இருக்கிற பழைய 53/39 என்றால், பெரும்பாலும் போல்ட்டுகள் 130 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும். அதில் 38-க்குக் கீழே பல் போட முடியாது. 34 வேண்டுமென்றால் கிராங்க்கையே மாற்றணும். என் சைக்கிள் அந்த ரகம். அப்படி மாற்றும்போது பாட்டம் பிராக்கெட்டோடு பொருந்துமா என்று முதலிலேயே கேளுங்கள். 2012-க்குப் பிறகு ஷிமானோ கொண்டுவந்த நாலு கை கிராங்க் என்றால் அதிர்ஷ்டம். 53/39-க்கும் 50/34-க்கும் ஒரே 110 மில்லிமீட்டர் வட்டம். செயின்ரிங் மட்டும் வாங்கிப் போட்டுவிடலாம்.

சின்னதை மட்டும் மாற்றி 53-ஐ அப்படியே விடாதீர்கள். 53-க்கும் 34-க்கும் 19 பல் வித்தியாசம், முன் டீரெய்லருக்குப் பொதுவாக 16-தான் கணக்கு. செயின் கழன்று விழும். இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். பெரிய ரிங் சின்னதாகிவிட்டதால் முன் டீரெய்லரைக் கீழே இறக்கிக் கட்டணும், பல்லுக்கு மேலே ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் இடைவெளி போதும். செயின் நீளத்தையும் பெரிய பல்லுக்குப் பெரிய பல் போட்டுச் சரிபார்க்கணும்.

குறையே இல்லையா என்றால், உண்டு. 50-லிருந்து 34-க்கு இறங்கும்போது கால் ஒரு நொடி காற்றில் சுற்றும். பின்னால் இரண்டு பல் சேர்த்து மாற்றப் பழகணும். ஒரு வாரத்தில் பழகிவிடும். முழங்கால் வலி அப்படிப் பழகாது.

போன மாதம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். துண்டை எடுத்துவிட்டு கிராங்க்கைப் பார்த்தேன். நாலு கை! "அண்ணாச்சி, செயின்ரிங் ரெண்டு, கேசட், பின்னாடி நீளக் கூண்டு, ஒரு செயின். அரை நாள் வேலை" என்றேன்.

"எதுக்குத் தம்பி, திரும்பவும் சிரிக்கவா?" என்றார்.

அதற்கு பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது. "அன்னைக்கு நானும் சிரிச்சேன் அண்ணாச்சி. மன்னிச்சுக்கோங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே பார்த்து, "தம்பிக்குக் காப்பி போடு" என்றார்.

போன ஞாயிறு இரண்டு பேர் மட்டும் பார்சிக் மலை ஏறினோம். மெதுவாகத்தான். நடைக்கு வந்த ஒரு தாத்தா பாதி தூரம் எங்கள் கூடவே வந்தார் :-) அண்ணாச்சி ஒரு இடத்திலும் இறங்கவில்லை. மேலே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, "இதே மலைதானா தம்பி இது?" என்று கேட்டார்.

புது ஆட்களுக்கு 53/39 வாங்கச் சொல்லிக்கொடுக்கிற பெரிய தலைகளே, உங்கள் பேச்சைக் கேட்டு எத்தனை சைக்கிள் பால்கனியில் துண்டு காயப்போடுகிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். நாற்பதைத் தாண்டி சைக்கிளுக்கு வருகிறவன் கோப்பைக்கு வரவில்லை. பிள்ளைகள் படித்து முடிக்கிற வரைக்கும் உடம்பு தாங்கணும் என்று வருகிறான். அவனிடம் முதலில் சொல்ல வேண்டிய எண் 34.

அடுத்த மாதம் கண்டாலா. அண்ணாச்சியும் வருகிறார். டோலி கூப்பிடுகிறவர் யாராவது இருந்தால், இந்தத் தடவை நான் சிரிக்கப் போவதில்லை.