சத்தம் வந்தா பாத்துக்கலாமா?

எடுத்த எடுப்புலேயே சொல்லிடறேன், இன்னிக்கு காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். திட்டப்போறது உங்களை மட்டும் இல்லை, முதல் வரிசையில நானே உக்காந்திருக்கேன்.

போன ஆகஸ்ட்ல ஒரு ஞாயித்துக்கிழமை. புனேயில இருக்கறவங்களுக்குத் தெரியும், மழைக்காலத்துல ஞாயித்துக்கிழமைன்னா பாதி ஊரு சிங்ககட் கோட்டை மேலதான் நிக்கும். நாங்களும் போனோம். நான், தங்கமணி, நடுவுல ஆறு வயசுப் பொண்ணு. மேல போயி சூடா காந்தா பஜ்ஜி, பிட்லா பாக்ரி, மண்சட்டித் தயிர் எல்லாம் ஒரு கட்டு கட்டிட்டு இறங்க ஆரம்பிச்சோம். மூணாவது வளைவுல முன் சக்கரத்துல இருந்து 'கர்ர்ர்'ன்னு ஒரு சத்தம். சேறு ஏதோ மாட்டியிருக்குன்னு நினைச்சேன். அடுத்த வளைவுல லீவர் எப்பவும் போல கல்லு மாதிரி கெட்டியாத்தான் இருக்கு, வண்டி மட்டும் நிக்க மாட்டேங்குது. பின் பிரேக்கை மிதிச்சா, ஏற்கனவே மூணு பேர் கனத்துல சூடாகியும் மழையில நனைஞ்சும் போயிருந்த டிரம், ஏதோ கடமைக்குப் பிடிச்சுது. மூணாவது கியர்ல இருந்து ரெண்டு, ரெண்டுல இருந்து ஒண்ணுன்னு அடிச்சு இறக்கி, பள்ளத்துப் பக்கம் போகாம மலைப் பக்கத்து வாய்க்கால்ல வண்டியை விட்டேன். நடக்கிற வேகத்துக்கு வந்த பிறகுதான் சாஞ்சோம். பொண்ணுக்கு முட்டியில சிராய்ப்பு, எனக்கு மணிக்கட்டு வீக்கம். அவ்வளவுதான். எதிர்ல வந்த ஷேர் ஜீப்காரர் இறங்கி வந்து வண்டியைத் தூக்கினவர், டிஸ்க்கைத் தொடப் போயி கையை உதறிக்கிட்டார்.

மறுநாள் மெக்கானிக் காலிப்பரைக் கழட்டி, ரெண்டு பேடையும் என் உள்ளங்கையில வெச்சார். "பேட் கதம் சாப்." பேடுன்னு சொல்ல அதுல ஒண்ணும் இல்லை. இரும்புத் தகடுதான் மிச்சம். அந்தத் தகடுதான் இவ்வளவு நாளா டிஸ்க்கை உழுதுக்கிட்டு இருந்திருக்கு. பேடு மட்டும் மாத்தியிருந்தா 400 ரூபாயோட போயிருக்கும். டிஸ்க்கும் போனதால கூலியோட சேர்த்து 3,200 ரூபாய் ஆச்சு.

இப்ப என் வயித்தெரிச்சலைக் கேளுங்க. அந்தச் சம்பவத்துக்கு 19 நாள் முன்னாடிதான் வண்டியை சர்வீஸ் விட்டிருந்தேன். பில்லை எடுத்துப் பார்த்தா, 'முன் பிரேக் க்ளீனிங், அட்ஜஸ்ட்மெண்ட்: 120 ரூபாய்'னு அச்சடிச்சிருக்கு. ஐயா, ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்ல அட்ஜஸ்ட் பண்ண என்னய்யா இருக்கு? பேடு தேயத் தேய உள்ளே பிஸ்டன் தானா முன்னாடி நகர்ந்து இடைவெளியைச் சரி பண்ணிக்கும். டைட் வைக்க ஒரு நட்டு கூட கிடையாது. இல்லாத வேலைக்கு 120 ரூபாய் வாங்கியிருக்காங்க. அதைவிடக் கேவலம், நானும் அந்த வரியைப் படிச்சுட்டு "பரவாயில்லை, பிரேக்கும் பாத்துட்டாங்க"ன்னு நிம்மதியா கையெழுத்துப் போட்டிருக்கேன். பி.இ. மெக்கானிக்கல் படிச்சவன் நான். காலேஜ் வாத்தியார் யாராவது இதைப் படிச்சா மன்னிச்சுக்குங்க.

அந்த வாரமே எங்க சொசைட்டி பார்க்கிங்ல நம்மாளுங்க நாலு பேர்கிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். நாலு பேரும் ஒரே பதில். "சத்தம் வந்தா பாத்துக்கலாம் சார்." இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு.

சத்தம் வந்தா பாத்துக்கலாம்னு சொல்றது, தீ பிடிச்ச பிறகு கேஸ் ட்யூபை மாத்தலாம்னு சொல்ற மாதிரி. பெரும்பாலான பைக் பேடுல சத்தம் போட்டு எச்சரிக்கிற ஏற்பாடே கிடையாது. சில கார் பேடுல சின்னதா ஒரு தகடு வெச்சிருப்பாங்க, தேஞ்சு வரும்போது அது டிஸ்க்கை உரசி கீச்சுன்னு கத்தும். பைக்ல இருக்கறது பொதுவா பேடு மேல ஒரு பள்ளக்கோடு, அவ்வளவுதான். கோடு மறைஞ்சா மாத்தணும். கோடு கத்தாது, நாமதான் குனிஞ்சு பாக்கணும். பைக்ல உங்களுக்குக் கேக்கற 'கர்ர்ர்' எச்சரிக்கை இல்லைங்க, இரும்பும் இரும்பும் உரசற சத்தம். அது கேக்கும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும்.

இன்னொரு சூட்சுமம் இருக்கு, இது நிறைய பேருக்குத் தெரியறதில்லை. நம்ம அப்பா காலத்து டிரம் பிரேக், தேயத் தேய பெடல் கீழே கீழே போகும். "என்னடா, இவ்வளவு மிதிக்க வேண்டியிருக்கே"ன்னு காலே சொல்லிடும். டிஸ்க் அப்படி இல்லை. பிஸ்டன் நகர்ந்து ஈடு கட்டிடறதால, பேடு புதுசா இருந்தாலும் சரி, காகிதமா தேஞ்சிருந்தாலும் சரி, கையில லீவர் ஒரே மாதிரிதான் இருக்கும். "பிரேக் நல்லாத்தான் பிடிக்குது"ன்னு நேத்து வரைக்கும் நானும்தான் சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். தடயம் ஒண்ணே ஒண்ணு உண்டு. பிஸ்டன் முன்னாடி போகப் போக, ஹேண்டில்பார் மேல இருக்கிற டப்பாவுல பிரேக் ஆயில் மட்டம் இறங்கும். சர்வீஸ் பையன் அதைப் பார்த்ததும் என்ன பண்றான்? மட்டத்தை நிரப்பி விட்டுடறான். இருந்த ஒரே தடயமும் காலி! ஆயில் ஏன் குறைஞ்சுதுன்னு கேக்காம ஊத்துற எவனும் எனக்கு மெக்கானிக் இல்லை. பேடு தேஞ்சிருக்கணும், இல்லைன்னா எங்கேயாவது ஒழுகணும். மூணாவது காரணம் தேட வேண்டியதே இல்லை.

"எங்க வண்டியில ஏ.பி.எஸ். இருக்கே"ன்னு ஒருத்தர் சொன்னார். இருக்கு, வாஸ்தவம். 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல விக்கிற வண்டிக்கெல்லாம் ஏ.பி.எஸ். கட்டாயம், அதுக்குக் கீழே உள்ளதுக்கு ரெண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற சி.பி.எஸ். ஆனா ஏ.பி.எஸ். செய்யற வேலை, சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கறது. பிடிக்கிற வேலை பேடோடது. சக்கரத்தைப் பூட்டுற அளவுக்குக் கூட பேடு இல்லாத வண்டியில ஏ.பி.எஸ். எதைங்க தடுக்கும்?

நம்ம ஜாதியைப் பத்தியும் சொல்லணும். ஊரு விட்டு ஊரு வந்து பொழைக்கிற ஜாதி. சென்னையில இருந்து ரயில் பார்சல்ல சாக்கு சுத்தி வண்டி வந்த நாள்ல இருந்து நாம படாத பாடு உண்டா? டிஎன் நம்பரைப் பார்த்து சிக்னலுக்கு சிக்னல் ஓரம் கட்டுவான்னு பயம். என்.ஓ.சி.க்கு ஊருக்கும் இங்கேயும் அலைச்சல், 12 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா இங்கே பதிவு மாத்தணும்னு சட்டம், அங்கே கட்டின வரியைத் திரும்ப வாங்க ஒரு தவம். இன்சூரன்ஸ் பேப்பர், புகைச் சான்றிதழ் எல்லாம் டிஜிலாக்கர்ல பளபளன்னு வெச்சிருப்போம். இத்தனை காகிதத்துல ஒண்ணாவது வண்டி நிக்குமான்னு கேக்குதா? புகைச் சான்றிதழ் கொடுக்கிறவர் சைலன்சர்ல குழாயை விடுவார், பிரேக் பக்கம் திரும்பக்கூட மாட்டார். லாரிக்கும் டாக்ஸிக்கும் அப்பப்ப தகுதிச் சான்று வாங்கணும். நம்ம பைக்குக்குப் பதிவு பண்ணா 15 வருஷம். அந்த 15 வருஷமும் அரசாங்கம் உங்க பிரேக்கைப் பாக்கப் போறதில்லை. போலீசும் பாக்க மாட்டார், இன்சூரன்ஸ்காரனும் பாக்க மாட்டான். பாக்கணும்னா நீங்கதான் பாக்கணும்.

2022-ல நாடு முழுக்க சாலை விபத்துல போனவங்க 1,68,491 பேர்னு மத்திய போக்குவரத்து அமைச்சகத்தோட அறிக்கை சொல்லுது. அதுல 44.5 சதவீதம் டூ-வீலர்ல போனவங்க. எல்லாமே பிரேக்கால நடந்ததுன்னு நான் சொல்ல வரலை. வேகம், ஹெல்மெட், குழி, லாரின்னு ஆயிரம் காரணம் இருக்கும். அதுல முக்காவாசி நம்ம கையில இல்லை. பேடு நம்ம கையில இருக்கு.

பாக்கறதுக்கு என்ன செலவு? ஒரு செல்போன் டார்ச், ரெண்டு நிமிஷம். வண்டியை நிறுத்தி ஆற விட்டுட்டு, முன் சக்கரத்துக்கு முன்னாடி உக்காந்து காலிப்பர் இடுக்குல வெளிச்சம் அடிங்க. நடுவுல டிஸ்க், ரெண்டு பக்கமும் கறுப்பா பேடு, அதுக்குப் பின்னாடி இரும்புத் தகடு தெரியும். அந்தக் கறுப்பு ஏறக்குறைய ஒத்த ரூபாய் நாணயத்தோட கனத்துக்கு வந்துட்டா, யோசிக்காம மாத்துங்க. சரியான அளவு உங்க வண்டி மேனுவல்ல இருக்கும். ரெண்டு பக்கமும் பாருங்க, இது முக்கியம். காலிப்பர் நகர்ற பின்னு துரு பிடிச்சு இறுகிட்டா ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் தேயும். வெளிப்பக்கப் பேடு கொழுகொழுன்னு இருக்கும், உள்பக்கம் எலும்பாயிருக்கும். வெளியில எட்டிப் பாத்துட்டு "நல்லா இருக்கு சார்"ங்கறவங்க நிறைய. என் வண்டியிலயும் உள்பக்கம்தான் முதல்ல போயிருந்துச்சு.

புதுப் பேடு போட்டா ஒரு விஷயம். பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் புதுசை மாட்டுவாங்க. அதனால முதல் தடவை லீவரைப் பிடிச்சா காத்தைப் பிடிச்ச மாதிரி ஹேண்டில்பாரைத் தொடும். நின்ன இடத்துலேயே நாலஞ்சு தடவை அமுக்கி, கெட்டியான பிறகுதான் வண்டியை நகர்த்தணும். கடை வாசல்லயே போயி முட்டினவங்க கதை எனக்குத் தெரியும். முதல் சில நாள் புதுப் பேடு முழுசா பிடிக்காது, கொஞ்சம் நிதானமா ஓட்டுங்க. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கும், ஈரம் ஏறினா கொதிநிலை இறங்கும். டாட் 4 ரகத்துக்குப் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி இருக்கணும், ஈரம் ஏறினதுக்கு 155 டிகிரி இருந்தா போதும்னுதான் தரமே சொல்லுது. மலை இறக்கத்துல அந்த வித்தியாசம் பெருசு. அதான் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தச் சொல்றாங்க. வாட்டர் சர்வீஸ் கடையில பளபளப்புக்கு டீசலைப் பீய்ச்சி அடிப்பாங்களே, அது டிஸ்க் மேல படவே கூடாது. எண்ணெய் ஊறின பேடு குப்பைக்குத்தான்.

இந்தக் கூத்தெல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சுத்தான் எனக்கு இன்னொண்ணு உறைச்சுது. என் பைக்கை வாரா வாரம் டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன். பக்கத்துல தங்கமணி ஸ்கூட்டர் நிக்குது. பொண்ணை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போற வண்டி. காய்கறி, கேஸ் புக், டியூஷன்னு பைக்கை விட அதிகமா ஓடுற வண்டி. அதுல முன்னும் பின்னும் டிரம். டிரம்முல பேடுக்குப் பதிலா பிரேக் ஷூ, தேஞ்சா வெளியில தெரியாது. ஆனா பிரேக்கை முழுசா பிடிக்கும்போது சக்கரத்துக்கிட்ட இருக்கிற சின்ன அம்புக்குறி, ஒரு கோட்டைத் தொட்டா ஷூ முடிஞ்சுதுன்னு அர்த்தம். உக்காந்து பார்த்தேன். பின் பக்கத்துல அம்பு கோட்டைத் தாண்டி நிக்குது. நட்டை முறுக்கி முறுக்கி நான்தான் லீவரை 'சரி' பண்ணிக் கொடுத்திருக்கேன், ரெண்டு தடவை. முறுக்கினா லீவர் கெட்டியாகும், ஷூ வளராது.

நம்ம வீடுகள்ல இதுதாங்க நிலவரம். ஐயாவோட பைக்குக்கு பாலிஷ், கவர், செயின் லூப். அம்மாவோட ஸ்கூட்டர் மழையில நனையும். "ஏங்க, பிரேக் ரொம்ப அமுக்க வேண்டியிருக்கு"ன்னு அவங்க சொன்னா, "உனக்குக் கையில பலம் இல்லை"ன்னு ஒரு பதில். நானும் சொல்லியிருக்கேன், அதே வார்த்தை. அடுத்த சனிக்கிழமை நானா பேட் போயி கம்பெனி ஷூவே வாங்கி மாத்தினேன். தங்கமணி ஓட்டிப் பாத்துட்டு வந்து, சாவியை மேசையில வெச்சுட்டு, "இப்ப என் கைக்குப் பலம் வந்துடுச்சு போல"ன்னாங்க. ராத்திரி சாப்பாடு வரைக்கும் நான் வாயே திறக்கலை.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை, பொட்டி தட்டுறவன். கழட்டி மாட்டுறதை விவரம் தெரிஞ்சவங்ககிட்ட விடுங்க. ஆனா மாத்தின பழைய பேடைக் கையில கேட்டு வாங்குங்க. டிரம்மைத் திறந்தா தூசியை வாயால ஊதாதீங்க, ஊத விடாதீங்க, பழைய சரக்குல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வந்து, ரெண்டு வாரம் சும்மா நின்ன வண்டியை எடுக்கும்போது டிஸ்க்ல லேசா துரு இருந்து கொஞ்சம் கரகரங்கும். அது நாலு பிரேக்ல போயிடும். போகலைன்னா டார்ச்சை எடுங்க.