லேக் என்னும் ஒரு பெயரும் பல நோய்களும்

கணினியில் விளையாடும் மாணவரிடையே 'லேக்' என்னும் சொல் வழங்காத நாளில்லை. காட்சி தயங்கினும் லேக். குறி தப்பினும் லேக். தோற்றவன் கூறும் சமாதானமும் அதுவே. இக்கடைசி வகைக்குக் கணினியில் மருந்தில்லை. வெவ்வேறு காரணங்களால் விளையும் கேடுகளை ஒரு பெயரால் அழைக்கும் இவ்வழக்கம் சொல்லளவில் நின்றுவிடுமாயின் யான் எழுதப் புகேன். நோய் இன்னதென்று அறியாமுன் மருந்து வாங்கும்படி அது நம்மைத் தூண்டுகின்றது என்பதே என் முறையீடு.

இதற்கு யானே சாட்சி. சென்ற ஆண்டு மாலை வேளைகளில் என் ஆட்டம் அடிக்கடி தடைப்பட்டது. கிராபிக்ஸ் கார்டு பழையதென்று நண்பர் கூறவே, தந்தையார் வீட்டுக் கூரையைச் செப்பனிட வைத்திருந்த தொகையை மன்றாடிப் பெற்றுப் புதியதொன்று வாங்கினேன். காட்சி அழகு பெற்றது. தடை மாத்திரம் நீங்கவில்லை.

முதற்கண் வினவ வேண்டுவது ஒன்றே: வலைத்தொடர்பை நீக்கித் தனியே ஆடினும் தடை தோன்றுகின்றதா? தோன்றுமாயின் குற்றம் நம் பொறியினுடையது. நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 16.7 மில்லி நொடியில் வந்து சேர வேண்டும். இங்கே சராசரி என்பது பெரும் பொய்யனாகும். 59 பிரேம்கள் பத்துப் பத்து மில்லி நொடியில் வந்து, எஞ்சிய ஒன்று 400 மில்லி நொடி எடுத்துக்கொண்டாலும் சராசரி அறுபதென்றே காட்டும். கண்ணோ அவ்விக்கலை உடனே காணும். ஒவ்வொரு பிரேமின் காலத்தையும் அளக்க வேண்டுமென்பதை ஸ்காட் வாஸன் என்பார் 2011-இல் விரிவாக எடுத்துக்காட்டினார். காட்சியின் ரெசல்யூஷனைக் குறைத்தவுடன் வேகம் மிகுமாயின் தளர்ந்தது கிராபிக்ஸ் கார்டு. மிகாதாயின் பெரும்பாலும் பிராஸஸர். அரைமணி நேரம் நன்றாக ஓடிப் பின் தளர்வது பெரும்பாலும் வெப்பத்தின் வேலை. விசிறியிற் படிந்த தூசியைத் துடைத்தலே போதியதாகலாம்.

காட்சி வழுவழுப்பாக ஓடியும் கைக்குக் கண் பிந்துமாயின் அது வேறு நோய். வி-சிங்க் அமைப்பை நிறுத்திப் பார்க்க. தொலைக்காட்சிப் பெட்டியைத் திரையாகக் கொண்டோர் அதில் கேம் மோடு உண்டா என்று தேடுக.

இனி வலைத்தொடர்பால் வருவது. 1996-இல் வெளிவந்த குவேக்வேர்ல்டு முதலாகப் பல ஆட்டங்கள், சர்வரின் விடைக்குக் காத்திராமல் நம் அசைவை உடனே காட்டிவிடுகின்றன. ஆதலின் நம் நடை தடையின்றிச் செல்ல, பிறர் மாத்திரம் தாவித் தாவித் தோன்றுவதும், நாம் முன்நின்ற இடத்திற்கே இழுக்கப்படுவதும் இந்நோயின் குறிகள். இதனை அளப்பது 1983-இல் மைக் மூஸ் எழுதிய பிங் என்னும் சிறு நிரல். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-இல் முடிந்த கடலடி வடம் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் நீளமுடையது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு இலட்சம் கிலோமீட்டரே செல்லுமாகலின், அவ்வழியே போய்த் திரும்ப 32 மில்லி நொடியேனும் வேண்டும். நூறு மெகாபிட் திட்டத்தை முந்நூறாக உயர்த்தினும் கடல் குறுகாது. இதனை அறியாமல் மாதந்தோறும் மிகைக்கட்டணம் செலுத்துவோர் எத்தனை பேர்!

என் வீட்டில் நிகழ்ந்தது யாது? ரூட்டர் வரையில் பிங் எப்பொழுதும் இரண்டு மில்லி நொடி. அதற்கப்பாலோ மாலை ஏழு மணிக்கு முப்பதிலிருந்து நானூறாக ஏறியது. அவ்வேளையில்தான் என் தங்கையின் கைப்பேசி அன்றன்றைய படங்களையெல்லாம் மேலேற்றிக்கொண்டிருந்தது. ரூட்டர் அவற்றை நீண்ட வரிசையில் நிறுத்த, என் ஆட்டத்தின் சிறு செய்திகளும் அவ்வரிசையின் வாலில் நின்றன. இதற்கு ஜிம் கெட்டிஸ் என்பார் 'பஃபர்புளோட்' என்று பெயரிட்டார்; இதனை நீக்கும் கோடெல் முறை 2012-இல் வெளியாயிற்று. அம்முறையுடைய ரூட்டர் என்னிடமில்லை. மேலேற்றும் வேகத்திற்கு ஓர் எல்லை குறித்தேன். அன்றே தடை நீங்கிற்று. செலவு ஒரு காசுமில்லை.

தனியே ஒருமுறை ஆடிப் பார்த்திருப்பின் கார்டு குற்றமற்றதென்பது பத்து நிமிடத்தில் விளங்கியிருக்கும். தந்தையாரிடம் இதனை யான் இன்னும் கூறவில்லை. இவ்விதழ் வீட்டிற்கும் செல்லுமாகலின், அதற்கு முன்னரே கூறிவிட எண்ணியிருக்கின்றேன், மழைக்காலமும் நெருங்குகின்றது.