பழக்குதலா, உடைத்தலா?

பறவை வேட்டைக்கு நாயைப் பயிற்றும் கலைக்கு ஆங்கிலேயர் நெடுங்காலம் வழங்கிய பெயர் 'உடைத்தல்' என்பதாகும். 1848ஆம் ஆண்டில் ஹட்சின்சன் என்னும் படைத்துறை அதிகாரி எழுதிய புகழ்பெற்ற பயிற்சி நூலின் தலைப்பிலேயே அச்சொல் இடம்பெற்றுள்ளது. அவரோ கடுந்தண்டனையைக் கண்டித்தவர். எனினும், அவர்தம் அறிவுரையைவிடத் தலைப்பில் நின்ற சொல்லே பலர் நெஞ்சில் வேரூன்றிவிட்டது. தமிழ் இதற்குத் தந்துள்ள சொல் 'பழக்குதல்'. பழகச் செய்வதே பழக்குதல். இவ்விரு சொற்களுள் எது உண்மைக்கு அருகில் நிற்கிறது?

உடைப்போர் முதற்கண் கூறுவது யாது? "குட்டி ஓராண்டுக் காலம் மனம்போல் திரியட்டும்; பின்னர்ப் பிரம்பெடுத்துத் திருத்திக்கொள்ளலாம்" என்பதாம். இதனை அறிவியல் மறுத்துவிட்டது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஆய்வு நடத்திய ஸ்காட், ஃபுல்லர் ஆகிய இருவரும் 1965இல் வெளியிட்ட நூல், ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே நாய்க்குட்டி மனிதரோடு உறவு கொள்ளும் பருவம் என நிறுவிற்று. அப்பருவத்தை வீணாக்கிவிட்டு, பின்னர் அடித்துத் திருத்த முனைவது, விதைக்கும் பருவத்தில் உறங்கியவன் அறுவடை நாளில் நிலத்தை வைவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, துப்பாக்கிச் சோதனை. குட்டியின் தலைக்கு மேல் திடீரெனச் சுட்டு, "துணிவுள்ளது நிற்கும், கோழை ஓடும்" என்பர். இது சோதனையன்று, அச்சத்தை விதைக்கும் செயல். வெடியொலிக்கு நடுங்கும் நாய்களுட் பல பிறவிக் கோழைகள் அல்ல, மனிதர் கோழையாக்கியவை. குட்டி ஆர்வத்தோடு இரையுண்ணும் வேளையிலோ பறவையைத் துரத்தும் வேளையிலோ, தொலைவில் சிற்றொலி எழுப்பி, நாளடைவில் அவ்வொலியை அருகே கொணர்வதே அறிவுடையார் வழி. அப்பொழுது வெடியொலி அச்சத்தின் அறிகுறியாகாது, மகிழ்ச்சியின் முன்னறிவிப்பாகும். நீரும் அவ்வாறே. குளிர்ந்த ஆழத்தில் தூக்கி எறியப்பட்ட குட்டி நீச்சலைக் கற்பதில்லை, நீரை வெறுக்கவே கற்கிறது.

"முன்னோர் பிரம்பால்தானே சிறந்த நாய்களை உருவாக்கினர்?" என்று வினவுவோர் உளர். அடிக்குத் தப்பி நின்ற நாய்களையே அவர்கள் எண்ணுகின்றனர். அடியால் கெட்டு, வேட்டைக்கு உதவாதென ஒதுக்கப்பட்டவற்றை எண்ணியவர் யார்? வென்றவற்றை மட்டும் கணக்கில் எழுதி, வீழ்ந்தவற்றை மறைப்பது வாதமாகாது.

மேலும், அடித்து ஊட்ட முடியாத ஆற்றல்களே வேட்டைநாயின் செல்வம். பறவையின் மணம் மூக்கில் பட்டதும் முன்காலொன்றைத் தூக்கிச் சிலையென நிற்கும் சுட்டுநாயின் இயல்பு தலைமுறை தலைமுறையாக வந்தது. சின்னஞ்சிறு குட்டியும், கயிற்றில் கட்டிய இறகொன்றைக் கண்டு அவ்வாறு நிற்பதுண்டு. பயிற்றுநர் அந்நிலையைப் படைப்பவர் அல்லர். அதனைச் சிதையாமல் காப்பவர்.

அன்பென்றால் கட்டுப்பாடின்மை என்று திரித்துக் கூறுதலும் தகாது. ஒரு கட்டளைக்கு ஒரே சொல், ஒவ்வொரு நாளும் சில நிமிடங்கள், சலிப்பு வருமுன் நிறுத்தம், கீழ்ப்படிந்தவுடன் பாராட்டு ஆகிய நான்கும் கண்டிப்பின் வடிவங்களே. ஆயின், அக்கண்டிப்பு முதலில் பயிற்றுநரையே கட்டுப்படுத்துகிறது. பிரம்பை விரும்புவோர்க்கு இஃது உவப்பாயிராமைக்குக் காரணமும் அதுவே. பொறுமையற்றவர்க்குப் பிரம்பே எளிது.

பிரம்பின் இடத்தில் இன்று மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டை வந்துள்ளது. 2010இல் வேல்ஸ் நாடு அதனைத் தடை செய்தது; அமெரிக்காவிலோ வேட்டைநாய்ப் பயிற்சியில் அது பரவலாக வழங்குகிறது. கருவி புதிது, கருத்துப் பழையது. உடைக்கப்பட்ட நாய் தன் தலைவனின் கையை அஞ்சிப் பார்த்துக்கொண்டே வேட்டையாடும். பழக்கப்பட்ட நாயோ பறவையைத் தேடி வேட்டையாடும். கௌதாரி மறைந்திருக்கும் புதரை மோந்து காண வேண்டிய உயிருக்கு, அஞ்சுவதற்கு ஏது நேரம்? வேட்டையை விரும்புவோர் முதலில் கைவிட வேண்டியது பிரம்பையே.