மரை சேரவில்லை என்றால் சுவரை இடிப்பதா?

இன்று குளியலறை வாளிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் மூக்கைப் பற்றி. கடைக்காரர் பாஷையில் ஸ்பவுட். டப் இல்லாத வீட்டுக்கும் 'பாத் டப் ஸ்பவுட்' என்றுதான் பில் போடுகிறார்கள்.

பழைய ஸ்பவுட் ஒழுக ஆரம்பித்தால் நமக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "இந்த மாடல் இப்ப வர்றதில்ல சார். டைல்ஸை உடைச்சு முழு செட்டா மாத்திடுங்க." எங்கள் வீட்டிலும் இதே பதில்தான் கிடைத்தது. சொன்னவர் கையில் அளவுகோல்கூட இல்லை. கழற்றிப் பார்க்கவும் இல்லை.

நான் சொல்கிறேன்: "சேராத மரை" என்பதில் பாதிக்கு மேல் அளக்காத மரைதான்.

1841-ல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், ஆளுக்கொரு மரை வெட்டிக்கொண்டிருந்த பட்டறைகளுக்கு ஒரே அளவை முன்வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி. நம் வீட்டுக் குழாய் மரையும் அந்த வம்சம்தான். இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 554 என்று அதற்கு எண்ணே உண்டு. அரை அங்குல மரை என்றால் வெளிவிட்டம் சுமார் 21 மி.மீ., அங்குலத்துக்கு 14 சுற்று. முக்கால் அங்குலம் என்றால் சுமார் 26.4 மி.மீ., அதே 14 சுற்று. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. தானே என்று கேட்காதீர்கள். அந்தப் பெயர் குழாயின் உள்வழியை வைத்து வந்தது. பத்தாம் வகுப்புப் பையனிடம் வெர்னியர் காலிப்பரைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவான்.

அளவு தெரிந்துவிட்டால் வழியும் தெரியும். முக்காலிலிருந்து அரைக்கு இறக்க ரெட்யூசர் இருக்கிறது. மரை டைல்ஸுக்குள் ஆழமாகப் போயிருந்தால் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் இருக்கிறது. சுத்தியலுக்கு வேலையே இல்லை.

நிஜமாகவே சேராத இடமும் உண்டு. அமெரிக்க மரையின் கோணம் 60 டிகிரி. அரை அங்குலத்தில் அதற்கும் 14 சுற்றுதான். அதனால் இரண்டு மூன்று சுற்று சமர்த்தாக ஏறும், பிறகு இறுகும். டெஃப்லான் டேப்பைச் சுற்றி முறுக்கினாலும் கசிவுக்கு உத்தரவாதம் இல்லை. இணையத்தில் படம் பார்த்து வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

பிளம்பர் தம்பிகள் கோபப்பட வேண்டாம். பழைய ஜி.ஐ. பைப் துருப்பிடித்திருந்தால் ஸ்பேனர் போட்டதும் சுவருக்குள்ளேயே முறியும், பழி உங்கள் தலையில் விழும் என்ற பயம் நியாயமானது. அப்படியானால் அதைச் சொல்லுங்கள். "பைப் துருப்பிடித்திருக்கிறது" என்பது காரணம். "மாடல் வர்றதில்ல" என்பது காரணமே இல்லை.

என் உண்மையான சண்டை தயாரிப்பாளர்களோடு. சுவருக்குள் புதைக்கிற டைவர்ட்டரைச் செய்துவிட்டு, சில வருடத்தில் மாடலை மாற்றி, அதன் உள் உறுப்பை நிறுத்திவிடுவது என்ன நியாயம்? கைக்கடங்குகிற ஒரு உறுப்புக்காக ஒரு சுவரையே இடிக்கச் சொல்வது வியாபாரமா, வழிப்பறியா? வாரண்டி அட்டையில் பெரிய எழுத்தில் வருடக் கணக்குப் போடுகிறார்கள். உதிரிப்பாகம் எத்தனை வருடம் கிடைக்கும் என்று ஒரு வரி அச்சிட்டால் என்ன?

2022-ல் ஒன்றிய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்குக் குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. நல்லது. சுவருக்குள் புதைத்த குழாயையும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். கைப்பேசியைத் தூக்கிப் போடலாம். சுவரைத் தூக்கிப் போட முடியுமா?

சொட்டுத் தண்ணீர்தானே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. விநாடிக்கு ஒரு சொட்டு, 20 சொட்டுக்கு ஒரு மில்லி என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. நாலேகால் லிட்டருக்கு மேல். வருடத்துக்கு 1,500 லிட்டரைத் தாண்டும். லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில் இது சின்ன விஷயமா? செலவுக்குப் பயந்துதான் பலர் ஒழுகும் குழாயின் கீழ் வாளியை வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள்.

ஆகவே, கடைக்குப் போனால் பெட்டியைக் காட்டி இரண்டு கேள்வி கேளுங்கள். மரை என்ன அளவு? உதிரிப்பாகம் எத்தனை வருடம் கிடைக்கும்? பதில் வராத பொருளை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். வீட்டில் சுத்தியலோடு யாராவது வந்தால், முதலில் கழற்றி அளக்கச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகக் கூலி கேட்டாலும் கொடுங்கள். டைல்ஸ் விலையை விட அது குறைவுதான்.